நிறுத்தாச்சு, நாப்பத்திரெண்டு

இருபத்தேழு வருடமாக இயந்திரங்களுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பொட்டிகளுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறேன். அதனால் நான் லிஃப்ட்டில் ஏறுவதில்லை.

கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நான்காம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்து, வழுக்கையைத் துடைத்துக்கொண்டு, "உடம்புக்கு நல்லதுங்க" என்று சமாளிப்பேன். உண்மை வேறு. லிஃப்ட்டின் கதவு மூடும்போது அதற்குப் பின்னால் எனக்கு ஒருவன் தெரிகிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் போகும் பஸ் கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கையில், "போதும், வேலை செய்யுது" என்று கடைசி வரியை அடித்துவிட்டுப் பையைத் தூக்குகிறவன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பல வெள்ளிக்கிழமைகளில் நானே அவனாக இருந்திருக்கிறேன்.

திரையோடு முடிந்துபோகும் நிரல் எழுதுகிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள். தப்பு நடந்தால் சிவப்பு எழுத்து வரும், யாராவது கத்துவார்கள், திருத்துவார்கள், டீ குடிக்கப் போவார்கள். நான் எழுதுவது மோட்டாரைச் சுழற்றும், வால்வைத் திறக்கும், கம்பியைப் பழுக்கக் காய்ச்சும். அங்கே கத்துவது வேறு மாதிரிக் கத்தல்.

முதல் வேலை கோயம்புத்தூரில், பம்புசெட் செய்யும் கம்பெனியில். கிணறு வற்றினால் மோட்டாரை அணைக்கும் பொட்டி. சோதிக்கக் கிணறு இல்லாததால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சோதித்தேன். வாளியில் பிரமாதமாக வேலை செய்தது. கிணறுகளைப் பற்றிப் பேச வேண்டாம். பிறகு பெங்களூரில் ஒன்பது வருடம், கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் நிரல். கண்ணாடி மேலேறும்போது விரல் குறுக்கே இருந்தால் உடனே இறங்க வேண்டும். விரலுக்குப் பதிலாகப் பென்சில் வைத்துப் பார்த்தோம், ரப்பர் குழாய் வைத்துப் பார்த்தோம், ஒருநாள் கேரட் வைத்தோம். கேரட் இரண்டு துண்டாகி ஒரு துண்டு என் மடியில் விழுந்தது. அன்று மத்தியானம் கேன்டீன் சாம்பாரில் கேரட் கிடந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து எந்தக் காரிலும் ஜன்னலில் கை வைத்ததில்லை. காற்று வாங்க வேண்டுமானால் இறங்கி நின்று வாங்குவேன்.

பயந்தாங்கொள்ளி என்று மனைவி சொல்வாள். பயம் என் தொழில் தகுதி என்று நான் சொல்வேன். அந்தத் தகுதி எனக்கு எவ்வளவு குறைவு என்று தெரிந்துகொண்ட நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நாற்பது தாண்டியதும், கேரள எல்லைக்குள் இருக்கும் சொந்த ஊரான கோவிந்தாபுரத்துக்கே திரும்பிவிட்டேன். வாசலில் நின்றால் எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். முன்னறையில் மேசை போட்டு நானே பொட்டி செய்ய ஆரம்பித்தேன். பக்கத்து முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கும் ஐந்து யார்டுகளில், மாங்காயை நகர்த்தும் பெல்ட்டுகளுக்கு என் பொட்டிதான். ஆறாவது, தெற்கே மலைமேல் ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில். அங்கே அதற்கு இரண்டு வேலை. கொழுந்துச் சாக்கை எடை போடும் தராசின் எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். எடை போட்ட சாக்கை, கொழுந்து வாடவைக்கும் மாடிக்குத் தூக்கிப்போகும் பெல்ட்டையும் ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பொட்டி வைப்பார்கள் புத்தியுள்ளவர்கள். நான் கெட்டிக்காரன். ஒன்றிலேயே முடித்தேன்.

அது சித்திரைக் கடைசி, பள்ளிக்கூட விடுமுறை. காலை ஒன்பதரை இருக்கும். ஃபேக்டரியில் கொழுந்து நிறுக்கும் அக்கா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: தராசுத் திரையில் எண்கள் பொடியாக இருக்கின்றன, கண் தெரியவில்லை, பெரிதாக்கித் தர வேண்டும். சின்ன வேலை. பொட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. என் மேசையிலிருந்தே புது நிரலை அனுப்பலாம். அனுப்பியதும் பொட்டி தன்னைத்தானே அணைத்து மறுபடி எழும். அந்த நேரத்தில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. இது என் விதி. நானே போட்டது, நானே பெருமைப்பட்டுக்கொண்டது.

அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே கோடை மழை ஃபேக்டரித் தகரத்தில் கொட்டுகிற சத்தம்.

"சார், செத்த பொறுங்க. பெல்ட்டுல ஒரு சாக்கு மாட்டிக்கிச்சு. ஃபிட்டர் அண்ணன் மேல ஏறி உருவிக்கிட்டு இருக்காக."

"அக்கா, அவரை முதல்ல இறங்கச் சொல்லுங்க. மெயின் சுவிட்சை அணைச்சு எல்லாத்தையும் நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. அப்புறம்தான் நான் அனுப்புவேன்."

"சரி சார், லைன்ல இருங்க."

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மழைச் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம், சாக்கு தொப்பென்று விழும் சத்தம். நான் புது நிரலைத் தயாராக வைத்துவிட்டு, எண்டர் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன். நாலைந்து நிமிடம் போனது. போனை எடுத்தார்.

"நிறுத்தியாச்சா அக்கா?"

"நிறுத்தாச்சு சார்."

எண்டரை அழுத்தினேன்.

"நாப்பத்திரெண்டு," என்றார் அக்கா.

அத்தோடு லைன் அறுந்தது.

நாப்பத்திரெண்டு. என்ன நாப்பத்திரெண்டு? மெயின் சுவிட்சை அணைத்தால் நாப்பத்திரெண்டு என்று எதுவும் வராது. நாப்பத்திரெண்டு என்று வருவது தராசில். நாற்பத்திரண்டு கிலோ. அக்கா சாக்கை நிறுத்திருக்கிறார். நான் இயந்திரத்தை நிறுத்தியாச்சா என்று கேட்டேன். அவர் கொழுந்தை நிறுத்தாச்சு என்று சொன்னார். நாளெல்லாம் அதே வேலை செய்கிறவரிடம், அதே சொல்லில் கேள்வி கேட்டால் வேறு எந்தப் பதில் வரும்?

திரையில் ஒரு வரி வந்தது: பொட்டி மறுபடி எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். பதிவு செய்த மலையாளப் பெண் குரல், நான் அழைத்த நபர் "பரிதிக்குப் புறத்தாணு" என்றது. எல்லைக்கு வெளியே. ஃபேக்டரி ஆபீசுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அக்கா. பரிதிக்குப் புறத்து. ஃபிட்டரும் பரிதிக்குப் புறத்து. அந்தக் குரலில் ஒரு நிதானம் இருந்தது. செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்ல அப்படி ஒரு குரலைத்தான் வைப்பார்கள் என்று தோன்றியது.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்குது?"

"நான் ஒருத்தரு கையத் தின்னுபோட்டனாட்ட இருக்குது."

"சோத்துக்கு இன்னும் நேரமிருக்குதுங்களே," என்றவள், என் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் காரின் சாவியை எடுத்தாள். "நீங்க ஓட்ட வேண்டாமுங்க. இப்ப நீங்க ஓட்டினா செக்போஸ்டத் தாண்ட மாட்டோம்."

கோவிந்தாபுரத்திலிருந்து ஏலப்பாறைக்கு எங்கள் வழி தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி என்று சுற்றி, கம்பம் தாண்டி, குமுளியில் மறுபடி கேரளாவுக்கு ஏறுவது. செக்போஸ்ட்டில் அன்றைக்கு வேலையில்லாமல் நின்ற போலீஸ்காரர் பேச்சுக்கு எங்கே என்று கேட்டார். ஏலப்பாறைக்கு என்றேன். "அது கேரளத்திலல்லே?" என்றார். ஆமாம், கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகிறோம், வழியில் ஒரு மாநிலம் இருக்கிறது என்று வேறொரு நாள் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வெறுமனே தலையை ஆட்டினேன்.

மனைவி அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பொள்ளாச்சி ரோட்டில் புளிய மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, அவளுக்கு இது இலக்கணப் பிரச்சினையாகிவிட்டது.

"நில்லு, நிறுத்து, நிறுத்தியாச்சு. அது ஒரு வினைங்க. நிறு, நிறுத்து, நிறுத்தாச்சு. இது எடை போடறது. ஒரே ஒரு எழுத்துதானுங்க வித்தியாசம். எட்டாங் கிளாஸ் பசங்ககூட இதுல தப்புப் பண்ண மாட்டாங்க."

"எட்டாங் கிளாஸ் பசங்ககிட்ட பெல்ட்டு இல்லியே."

"நிப்பாட்டியாச்சான்னு கேட்டிருந்தா ஒரு வில்லங்கமும் இல்லீங்க. நம்ம ஊட்டுல அப்படித்தானே பேசறோம்? அங்க மட்டும் என்னத்துக்கு ரேடியோ தமிழு?"

பதில் தெரியும். நிப்பாட்டு என்று சொன்னால் காட்டான் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பெங்களூரில் வேலை பார்த்தவன், எஞ்சினியர் என்று ஃபேக்டரியில் ஒரு மரியாதை இருக்கிறது. அதற்கேற்ப வார்த்தை வேண்டாமா? அந்த மரியாதைக்கு ஒரு மனிதரின் கை விலை என்றால் அதிகம்தான்.

ஆனால் அதுவரைக்கும் எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. பொட்டி மறுபடி எழும்போது பெல்ட் நகராது. நகரக் கூடாது. நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். உடுமலை தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்து நிரலைப் பார்த்தேன். எழுதியிருப்பேன் என்பது வேறு, எழுதியது வேறு.

பொட்டி எழுந்ததும் செய்யும் முதல் மூன்று காரியங்கள் இவை. ஒன்று, பெல்ட் மோட்டாருக்குப் போகும் கம்பியைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கும். இரண்டு, திரையில் "வணக்கம்" என்று காட்டி, எல்லோரும் படிக்கட்டும் என்று இரண்டு வினாடி நிற்கும். மூன்று, மோட்டாரை அணைத்து வைக்கும். இதில் ஒரு சங்கதி. நான் வாங்கிப்போட்ட ரிலே, அதாவது மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச், தலைகீழான ஜாதி. கம்பியைக் கையில் எடுத்த கணத்திலேயே அது மோட்டாரை ஓட்டிவிடும், அணை என்று சொன்னால்தான் அணையும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் நான் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் இரண்டு வினாடியும் பெல்ட் ஓடும்.

இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். என் மேசையில் மோட்டார் இல்லை. அதற்குப் பதில் ஒரு பல்பை மாட்டித்தான் சோதித்தேன். ஒவ்வொரு தடவை பொட்டி எழும்போதும் பல்ப் இரண்டு வினாடி எரிந்து அணைந்தது. அதைப் பார்த்து நான், பரவாயில்லையே, பல்பும் நல்லாத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பல்ப் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் அதற்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

பெல்ட்டின் வேகம் எனக்கு மனப்பாடம். வினாடிக்கு ஒரு முழம். இரண்டு வினாடிக்கு இரண்டு முழம். மடிக்கணினியை மூடிவிட்டு என் வலது கையை நீட்டிப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து முழங்கை ஒரு முழம். அங்கிருந்து தோள்வரைகூட இன்னொரு முழம் தேறவில்லை.

"நிறுத்து," என்றேன்.

"எதை? காரையா, கையையா?" என்றவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கிப்போய் ஒரு தென்னந்தோப்பின் வேலியோரம் வாந்தி எடுத்தேன். அதற்கப்புறம் பழனி வருவதற்குள் மூன்று இடத்தில், வாந்தி இல்லாத வேறு காரணத்துக்காக இறங்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, உங்க பொட்டியாட்டவே நீங்களும் அஞ்சு நிமிசத்துக்கொருக்கா ரீஸ்டார்ட் ஆகறீங்களே," என்றாள். அவள் கேலி செய்தால் எனக்குக் கொஞ்சம் உயிர் வரும், அது அவளுக்குத் தெரியும். கேலி செய்துகொண்டே எண்பதில் ஓட்டினாள். அவள் எண்பதில் ஓட்டி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பழனி தாண்டி ஒரு போன் வந்தது. தெரியாத எண், கேரள எண். எடுக்க முடியவில்லை. எடுத்தால் யாரோ ஒரு பெண் அழுவார். அவர் ஃபிட்டரின் மனைவியாக இருப்பார். என்னிடம் என்ன செய்தாய் என்று கேட்பார். நான் எழுத்தைப் பெரிதாக்கினேன் என்று சொல்ல வேண்டும். மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். கேட்டாள். "வேண்டாமுங்க, எங்க ஊட்டுல கெணத்துத் தண்ணி," என்று வைத்தாள். தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்கிறவர்கள்.

அந்த ஃபிட்டரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், பொட்டி மாட்டப் போன அன்று. ஐம்பது வயதிருக்கும். அவர் முகம் சரியாக நினைவில்லை. கை நினைவிருந்தது. ஸ்குரூவைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, மீதி மூன்று விரலால் ஸ்குரூ டிரைவர் பிடித்தார். இரும்பு வேலையில் தடித்துப்போன விரல்கள். கண்ணை மூடினால் அந்த விரல்கள்தான் வந்தன. தேனியில் மனைவி சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொரியலில் கேரட் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டேன்.

குமுளி ஏறும்போதே மழை பிடித்தது. வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், அப்புறம் ஏலப்பாறை ரோடு. வழி நெடுக முறிந்த கிளைகள், ஒரு இடத்தில் சாய்ந்த மின்கம்பம். டவர் இல்லாததற்குக் காரணம் தெரிந்தது. எனக்கு அது ஆறுதலாக இல்லை. போன் எடுக்காமல் இருக்கக் காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். கை இருக்கக் காரணம் கிடைக்கவில்லை.

ஐந்தரைக்கு ஃபேக்டரி வாசலில் நின்றோம். உள்ளே கரண்டு இல்லை. ஓட வேண்டிய எதுவும் ஓடவில்லை. ஆட்கள் குத்தவைத்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தராசுக்குப் பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ, சார் வந்திருக்காக பாரு. எழுத்து பெருசாயிருச்சான்னு நேர்ல பாக்க வந்தீகளா? உங்கள மாதிரி ஆளு உண்டுமா?"

"அக்கா, ஃபிட்டர் எங்கே?"

"அவுகளா? அவுக கை..." என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். தண்ணீர் குடித்தார். "...கை கழுவப் போயிருக்காக. கிரீசு."

அந்த இருமல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று மனைவியைக் கேட்டால் ஐந்து வினாடி என்பாள். எனக்கு அதில் ஆயுளில் இரண்டு மூன்று வருடம் போனது.

ஃபிட்டர் வேஷ்டித் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். நான் விரல்களை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன், பத்து. எங்கள் தொழிலில் எண்ணுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவோம், பத்தாவது விரல் ஒன்பதில் நிற்கும். பதற்றத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எண்ணினேன். குலுக்குகிறேன் என்று நினைத்து அவரும் குலுக்கினார்.

டீ கொடுத்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காலையில் மாட்டிய சாக்கை உருவியாயிற்று, அப்புறம் கரண்டு போனது, அவ்வளவுதான் அவர்களுக்கு அன்றைய செய்தி. எழுத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்த எஞ்சினியர் என்று என்னைச் சுற்றி நின்று பெருமையாகப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்தேன். இப்படியே கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. ஊருக்குப் போய் அந்த இரண்டு வரியை இடம் மாற்றி, சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. சொன்னால் என்ன ஆகும்? பொட்டியைக் கழற்றி என் கையில் கொடுப்பார்கள். இந்த மலையில் இனி ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அந்த ஆள் வெச்ச மெஷினு கையக் கடிக்கும் என்று பேர் வரும். காரில் வந்த எட்டு மணி நேரத்தில் இல்லாத ஒரு புதுப் பயம் வந்தது.

மனைவி டீயைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"அண்ணே," என்று ஃபிட்டரைப் பார்த்துச் சொன்னேன், "ஒரு தப்புப் பண்ணிட்டேன். நான் காலையில புது நிரல் போட்டப்ப, உங்க கை பெல்ட்டுல இருந்தப்ப, பெல்ட்டு தானா ரெண்டு வினாடி ஓடியிருக்கணும். என் பொட்டி எழும்போதெல்லாம் அப்படி ஓடும். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தும்மலையா சொல்லுதீக?"

"என்ன தும்மல்?"

"கரண்டு போயிட்டு வரும்போதெல்லாம் ஒரு தும்மல் போடுமே. ரெண்டு முழம் போயிட்டு நிக்கும். அது நீங்க வெச்சதுன்னுல்ல நெனச்சோம்."

"நான் எதுக்கு அப்படி வைக்கணும்?"

"திரையில வணக்கம்னு எழுத்து வேற வருதா. சரி, மருவாதிக்கு ஒரு ஆட்டம் ஆடுது போலன்னு விட்டுட்டோம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"மாட்டுன நாள்லேருந்து. மொத வாட்டி என் செருப்பைத் தின்னுட்டு. அதுக்கப்புறம் நான் மோட்டாரு பீஸ் கட்டையக் கழத்திச் சேப்புல போட்டுக்காம பெல்ட்டுல கை வைக்குறதில்ல." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். ஃபியூஸ் இருக்கும் பீங்கான் கட்டை உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. "காலையிலயும் இதுலதான் இருந்துச்சு."

"அந்தச் செருப்பு..." எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. "அப்ப கால்?"

"கால் உள்ளதான் இருந்துச்சு சார். உருவிட்டேன்."

"கர்த்தர் பாத்துக்கிட்டாரு," என்றார் அக்கா.

"அவரும் பாத்தாரு," என்றார் ஃபிட்டர்.

பொட்டி மாட்டிப் பதினோரு மாதம். மழைக்காலத்தில் அங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்டு போகும், நாலு தடவை வரும். காலையிலிருந்து நான் ஒரே ஒரு கணத்தை நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணம் பதினோரு மாதமாகத் தினமும் நடந்துகொண்டிருந்தது. நான் அப்போதெல்லாம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை என்று பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. போன் போட்டா எழுத்து நல்லாருக்கா, எழுத்து நல்லாருக்கான்னு அக்காவத்தான் கேப்பீக."

ஃபிட்டர் டார்ச் பிடிக்க, பொட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பியை நானே கழற்றினேன். கழற்றுவதற்கு முன்னால் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஸ்குரூ ஒன்று கீழே விழுந்து, அக்கா தேடிக் கொடுத்தார். இனி பெல்ட்டை அவர்கள் கையால் ஓட்டிக்கொள்ளட்டும்; என் பொட்டி எண்களை மட்டும் காட்டட்டும், பெரிதாக.

கம்பியைச் சுருட்டும்போதுதான் முதலமடை நினைவுக்கு வந்தது. ஐந்து யார்டு. அதே ரிலே, அதே மூன்று வரி, அதே வணக்கம். மாங்காய் சீசன். இந்த நேரத்தில் ஒவ்வொரு பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

டவர் எப்போது வந்ததென்று தெரியவில்லை, போனில் இரண்டு கோடு இருந்தது. ஃபேக்டரிப் படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் யார்டுக்காரர், "விக்கலுங்களா? அது ஆரம்பத்துல இருந்தே இருக்குதுங்க," என்றார். இரண்டாவது யார்டில் அதற்குப் பேர் உதறல். மூன்றாவது யார்டில், பெல்ட்டுக்குச் சாமி வருது என்பார்களாம். சாமி வந்து போன பிறகுதான் கை வைப்பார்களாம். நான்காமவர், அது கோளாறா என்று திருப்பிக் கேட்டார். அதை வைத்துத்தான் கரண்டு வந்துவிட்டதென்று தெரிந்துகொள்கிறார்களாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள். பேர் வைக்காதவன் நான் மட்டும்தான். ஒவ்வொருவரிடமும், அது என் தப்பு, இன்றைக்கே அந்தக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், கழற்றியதும் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். நிப்பாட்டு என்ற சொல்லை இரண்டிரண்டு தடவை சொன்னேன்.

ஐந்தாவது யார்டை ஒரு அம்மா நடத்துகிறார்.

"அதுங்களா?" என்றார். "வேலைக்குப் புதுசா வர்றவங்ககிட்ட மொத நாளே சொல்லிப்போடுவமுங்க. இந்தப் பெல்ட்டு திடீருன்னு எகுறும், பாத்து நில்லுங்கன்னு."

"யாருக்காவது அடி பட்டுச்சுங்களா?"

"வளையலு ரெண்டு மூணு உடைஞ்சுதுங்க. ஒரு புள்ளைக்கு நகம் போச்சு. அது பெருசில்லீங்க."

பெரிது என்றேன். கம்பியைக் கழற்றும் விதத்தைச் சொன்னேன்.

"கழட்டிப்போட்டா அப்புறம் பெல்ட்ட எப்படிங்க ஓட்டறது?"

"செவுத்துல பச்சை சுவிட்ச் ஒண்ணு இருக்குதுங்களா? அதைப் போட்டா ஓடும், அணைச்சா நிக்கும்."

"அதுதானுங்களே நீங்க வர்றதுக்கு முன்னாடி இருந்துச்சு," என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க."

"சரிங்க. ஆளை உட்டுக் கழட்டிப்போட்டுக் கூப்படறனுங்க."

நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டு, கழற்றியாயிற்று என்றார்கள். மனைவி கிளம்பலாமா என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த அம்மாவின் போன் வரும்வரை நான் படியை விட்டு எழவில்லை.